நான் தொலையவில்லை, மலையைச் சுற்றினேன்

தம்பி நிரோ, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ எழுதியதை டொரொண்டோவில் இருக்கிற உன் பெரியம்மா முதல் சுவிஸில் இருக்கிற மாமாவின் மருமகள் வரை எல்லோரும் வாசித்துவிட்டார்கள். ஆகவே இந்தக் கடிதத்தையும் நான் அதே குழுவில்தான் போடுகிறேன். உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். நீ என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். "அம்மா லா பால்மாவில மலையில வழி தவறிட்டா. போனும் இல்லாமல் தனிய அலைஞ்சு திரிஞ்சவ. இனி அவவைத் தனிய விட ஏலாது. எல்லாரும் அவவோட கொஞ்சம் பார்த்துக் கதையுங்கோ" என்று எழுதினாய். எழுதும்போது அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பது உனக்கு மறந்துபோய்விட்டது. என்னை அதில் சேர்த்துவிட்டதே நீதான். மறதி யாருக்கு வந்திருக்கிறது என்று அப்போதே கேட்டிருப்பேன், வெங்காயம் வெட்டிய கையோடு நின்றதால் எழுதவில்லை.

அதன்பிறகு வந்தவற்றையும் நீ பார்த்திருப்பாய். கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. பெரியம்மா எனக்கு வல்லாரைச் சம்பல் கொடுக்கச் சொன்னா. மாமா எங்கள் பரம்பரையில் யாருக்கும் இந்த மறதி வருத்தம் இருந்ததில்லை, அது உன் அப்பாவின் பக்கத்தால் வந்திருக்கும் என்றார். நான் உன் அப்பாவின் பக்கத்தில் பிறக்கவில்லை, அவரைக் கட்டியவள் என்பதுகூட அவருக்கு யோசனையில் இல்லை. லண்டன் மச்சாள் பாதாம் பருப்பை ஊறவைத்து வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்லி ஒரு வீடியோ போட்டாள். பின்னேரம் பெரியம்மா போன் எடுத்து, குழந்தைப்பிள்ளையோடு கதைக்கிற குரலில், "பிள்ளை, இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டா. "உங்களுக்குத் தெரியாட்டில் கலண்டரைப் பாருங்கோ அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதையும் அவ உனக்குச் சொல்லியிருப்பா, கோபம் வருவதும் அந்த வருத்தத்தின் அறிகுறிதான் என்று நீயும் தலையாட்டியிருப்பாய்.

அடுத்த நாள் நீ எடுத்தாய். நினைவாற்றலைச் சோதிக்கிற இடமொன்றில் எனக்கு ஒரு டெர்மின் எடுத்து, நாளும் நேரமும் குறித்துவிட்டதாகச் சொன்னாய். எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை, எடுத்தாயிற்று என்றாய். அதோடும் நிற்கவில்லை. வால்டோர்ஃபில் உன் வீட்டுக்குக் கிட்ட, வயது போனவர்களை ஆட்கள் வந்து பார்த்துப்போகிற குடியிருப்பு ஒன்றில் எனக்கு அறை பார்த்திருக்கிறாய். உன் கலியாணத்துக்கு முன்னமே நான் டோர்ட்முண்டில் இருக்கிற என் வீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும், காரை விற்க வேண்டும், பிறகு நீ நிம்மதியாகத் தாலி கட்டுவாய். உன் நிம்மதிக்கு நான் என் வாசல் பூட்டின் திறப்பைக் கையளிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு பகல். அந்தப் பகலில் என்ன நடந்தது என்று இதுவரைக்கும் எல்லோருக்கும் சொன்னது நீ மட்டும்தான். இப்போது நான் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இவ்வளவு கோபம் எதற்கு, ஒரு டெர்மின்தானே, போய் நாலு கேள்விக்கு மறுமொழி சொல்லிவிட்டு வரலாமே என்று நீ நினைக்கலாம். உன் அம்மா போன வருடம் வரைக்கும் எங்கே வேலை செய்தவள் என்பதை யோசித்துப் பார். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தியவள் நான். "குழம்பிப்போனவ" என்ற ஒரு சொல் ஒரு மனுசியின் பெயருக்குப் பக்கத்தில் ஏறிவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு டொச்சு மனுசி, ஜேர்மன்காரி, இருந்தா, முன்னாள் ஆசிரியை. தன் அறையின் சுடுதண்ணீர்க் குழாய் சுவருக்குள் முனகுகிறது என்று எல்லோரிடமும் சொன்னா. பொறுப்பில் இருந்தவர்கள் யாரும் போய்க் காது வைத்துக் கேட்கவில்லை. அவவுடைய மகள் வந்து, "அம்மாவுக்கு இப்ப சத்தங்கள் கேட்குது" என்று எங்கள் பொறுப்பாளரிடம் கவலையோடு சொல்லிவிட்டுப் போனாள். குழாய் வெடித்துக் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஓடிய பிறகும் ஒருவரும் அவவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அறையை மட்டும் மாற்றினார்கள். அவ பொய் சொன்னதில்லை, குழம்பவும் இல்லை. அவவின் சொல்லுக்குப் பெறுமதி இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சொல்லைத்தான் நீ எனக்குப் பக்கத்தில் எழுதிவைத்தாய்.

இனி மலைக்கு வருகிறேன். கலியாணத்துக்கு முன் மூன்று பேருமாக ஓரிடம் போவோம் என்று நீதான் கூப்பிட்டாய். நானும் சந்தோஷமாகத்தான் வந்தேன், அதை மறைக்கவில்லை. நீ கட்டப்போகிற வித்யாவோடு அதுவரை நான் ஒழுங்காகக் கதைத்ததில்லை. கோயம்புத்தூர்ப் பிள்ளை, உன்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை, அவளுடைய தமிழில் பாதி ஆங்கிலம், உன்னுடையதில் பாதி டொச்சு மொழி, நடுவில் நான் இரண்டு பேருக்கும் மொழிபெயர்ப்பாளராக விமானத்தில் இருந்தேன். ஸ்பெயின்காரரின் அந்த லா பால்மாத் தீவில் இறங்கியதும் பார்த்தால் தோசைக்கல் மாதிரிக் கறுத்த நிலம். எரிமலைச் சாம்பலுக்குள் திராட்சை நட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. போகிற வழியெல்லாம் ஜேர்மன்காரர் நடைத்தடியோடு திரிந்தார்கள், ஜேர்மனியை விட்டு வெளியே வந்தோமா என்றே சந்தேகமாக இருந்தது.

நீ தெரிவு செய்த பாதையை எனக்கு முதல் நாள் போனில் காட்டினாய். பழைய எரிமலை வாய் ஒன்றைச் சுற்றி வருகிற பாதை, தொடங்கின இடத்திலேயே முடியும், கடினம் நடுத்தரம் என்று போட்டிருந்தது. "அம்மாவுக்கும் ஏலும்" என்று நீதான் சொன்னாய். எனக்குச் சப்பாத்துக்கூட வாங்கித் தந்தாய். காலையில் கார் தரிப்பிடத்தில் இறங்கினோம். அங்கே ஒரு பெரிய பலகையில் பாதையின் படம் இருந்தது, பக்கத்தில் ஆட்கள் இருந்து இளைப்பாற ஒரு மர வாங்கு. நீ அந்தப் படத்தைப் பார்த்தாய், பிறகு மலையைப் பார்த்தாய், பிறகு என் முழங்காலைப் பார்த்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா, இது உங்களுக்குச் சரிவராது. நீங்கள் இதிலை வாங்கில இருங்கோ. நாங்கள் சுத்திப்போட்டு இதிலையே வந்திடுவம்" என்றாய்.

"ஏன், நேற்று ஏலும் எண்டனி?" என்று கேட்டேன்.

"அம்மா, பிளீஸ். தொடங்காதேங்கோ" என்றாய். நான் எதைத் தொடங்கினேன்? கேள்வி ஒன்று கேட்டேன். வித்யா சங்கடப்பட்டு, "ஆன்ட்டி, ரெஸ்ட் எடுங்க, நாங்க சீக்கிரமா வந்துர்றோம்" என்று தேத்தண்ணீர்ப் போத்தலையும் நான் விடியப் பொரித்த ரோல்ஸில் கொஞ்சத்தையும் எனக்குப் பக்கத்தில் வைத்தாள். என் கைப்பை காருக்குள், கைப்பைக்குள் என் போன், கார்த் திறப்பு உன் பொக்கற்றில். அம்புக்குறி காட்டிய பக்கம், மலை உங்கள் இடக்கைப் பக்கம் வர, இரண்டு பேரும் நடந்து மறைந்தீர்கள். ஊர்க்கோழியைக் கூடைக்குள் மூடிவிட்டுச் சந்தைக்குப் போகிற மாதிரி என்னை வைத்துவிட்டுப் போனாய். கோழியிடமும் யாரும் கேட்பதில்லை.

நான் இருந்தேன். நீ சொன்னபடி கனநேரம் இருந்தேன், அதையும் எழுதிக்கொள். ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கி, அவர்கள் படம் எடுத்து, திரும்ப ஏறிப் போனார்கள். தேத்தண்ணீர் முடிந்தது. ரோல்ஸ் முடிந்தது. அப்போது எழுந்து போய்ப் பலகையை வடிவாக வாசித்தேன். டொச்சிலும் எழுதியிருந்தார்கள். பாதை ஒன்றுதான், கிளை இல்லை, மஞ்சளும் வெள்ளையுமாகக் கல்லிலும் மரத்திலும் கோடு போட்டிருக்கும் என்று இருந்தது. அந்தப் பக்கத்தால் போனவர்கள் இந்தப் பக்கத்தால் வர வேண்டும். நான் இந்தப் பக்கத்தால் நடந்தால் உங்களை எப்படியும் எதிரே காண்பேன், கண்டதும் மூன்று பேருமாகத் திரும்பி வரலாம். இதில் எங்கே குழப்பம்? கணக்குப் படித்தவன் நீ, பிழை இருந்தால் காட்டு.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை நீ சிரிப்பாய் என்று அன்றைக்குச் சொல்லவில்லை, இன்றைக்குச் சிரித்தாலும் பரவாயில்லை. கோயிலில் நாங்கள் எந்தப் பக்கத்தால் சுற்றுகிறோம்? சாமி வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். சின்னனில் நீ கோயில் வீதியில் மற்றப் பக்கம் ஓடினால் உன் அப்பா தூக்கித் திருப்பி விடுவார். நாங்கள் இடமாகச் சுற்றுவது ஒரே ஒரு இடத்தில்தான். அப்பா செத்தபோது டோர்ட்முண்டில் அந்தக் குளிர்ந்த மண்டபத்தில், தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து, நீதான் அவரின் பெட்டியை இடமாகச் சுற்றினாய். ஐயர் ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தைக் கொத்த, உன் கோட்டெல்லாம் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அவ்வளவு பெரிய மலையை, கீழே நெருப்பு இருக்கிற மலையை, இடக்கைப் பக்கம் வைத்து என்னால் சுற்ற ஏலாது. அம்புக்குறியைக் கண்டேன், விளங்கியது, வேண்டாம் என்று விட்டேன். உயிரோடு இருக்கிறவள், வலமாகத்தான் போவேன்.

போனேன். பாதை நல்ல பாதை. முதலில் பைன் மரங்கள், எப்போதோ எரிந்து அடிமரம் கரியாகிப்போய் மேலே பச்சையாக நிற்கின்றன. கறுத்த மண்ணின் மேல் காய்ந்த ஊசியிலைகள் வழுக்கின, ஆகவே ஓரத்தில் கல்லிருக்கிற பக்கமாகக் காலை வைத்து நடந்தேன். இளைத்தபோது நின்றேன். எனக்கு இளைக்கும் என்பது எனக்குத் தெரியும், அதற்கு யாரும் டெர்மின் எடுக்கத் தேவையில்லை. கொஞ்சம் ஏறினபிறகு எதிரே ஒரு ஜேர்மன் சோடி வந்தது, இரண்டு பேருக்கும் ஒரே நிறச் சட்டை. அந்த மனுசன் ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், கைத்தடியைத் தூக்கிக் காட்டி, "நீங்கள் பிழையான பக்கத்தால் போகிறீர்கள்" என்றான்.

"வட்டத்திலே எது பிழையான பக்கம்?" என்று நானும் டொச்சில் கேட்டேன்.

"பலகையில் போட்டிருக்கிறது" என்றான்.

"நான் வாசித்தேன். என் மகனைச் சந்திக்கப் போகிறேன். ஒரு பெடியனும் பெட்டையும் வந்ததைக் கண்டீர்களா?"

மனுசி, காணவில்லை என்றாள். மனுசன் தலையை ஆட்டிக்கொண்டு விலகி நின்றான், நான் சிவப்பு விளக்கில் தெருவைக் கடந்துவிட்டேன் என்ற மாதிரி. அதை நினைத்து எனக்கு அதற்குப் பிறகு கனதூரம் சிரிப்பு வந்தது.

காணவில்லை என்று அவள் சொன்னதுதான் பிறகு எனக்குள் கிடந்து அரித்தது. இந்த நேரத்துக்கு நீங்கள் பாதியாவது தாண்டியிருக்க வேண்டுமே. மரங்கள் முடிந்து, ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் வெறும் பள்ளமுமாக ஒடுங்கின இடம் வந்தது. பாறையில் பிடிக்கச் சங்கிலி பூட்டியிருந்தார்கள். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனேன். பயமா என்று கேட்டால், எனக்காகப் பயப்படவில்லை, பள்ளத்தை எட்டி எட்டிப் பார்த்தது உங்களுக்காக. கீழே எங்கேயாவது உன் நீலச் சட்டை தெரிகிறதோ என்று பார்த்தேன். "நிரோ!" என்று கத்தினேன். மறுமொழி இல்லை. அந்த இடத்திலிருந்து நான் நின்று இளைப்பாறவே இல்லை. தொலைந்துபோய் அலைந்து திரிந்தேன் என்று எழுதினாயே, நான் அந்த மலையில் அலையவில்லை. உன்னைத் தேடிக்கொண்டு நேராக நடந்தேன்.

நடந்து வந்து சேர்ந்தால் அதே கார் தரிப்பிடம். நீ அங்கே நின்றாய். முழுசாக, காயமில்லாமல் நின்றாய். அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை, கண்ணெல்லாம் கலங்கி, சிரித்துக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தேன். நீ போனில் மீட்புப் படையைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாய். உனக்குப் பக்கத்தில் அந்த ஒரே நிறச் சட்டைச் சோடி. "ஓம், இந்த அம்மாதான், பிழையான திசையில் போய்க்கொண்டிருந்தவ, நாங்கள் சொன்னோம்" என்று அந்த மனுசன் சாட்சி சொன்னான். நீ என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால், டொச்சில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையை ஏசுகிற மாதிரி ஏசினாய். எல்லோருக்கும் விளங்கட்டும் என்றுதானே டொச்சில் ஏசினாய்? நான் தமிழில், "தம்பி, நான் சுத்தி வந்திட்டன்" என்றேன். நீ அதைக் காதில் வாங்கவே இல்லை. "எங்கை போனனீங்கள், எங்கை போனனீங்கள்" என்று அதையே கேட்டாய், மறுமொழி சொல்ல இடமும் தரவில்லை. வித்யா மட்டும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நான் சுற்றி வந்தேன் என்றால், நீங்கள் எப்படி எனக்கு முன்னால் அங்கே நின்றீர்கள்? உன் குழுச் செய்தியில் இந்தக் கேள்விக்கு மறுமொழி இல்லை. பெரியம்மாவும் கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்கு யோசிக்கத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்தபிறகு, நீ டெர்மின் எடுத்த கதை கேட்டு, வித்யா எனக்குப் போன் எடுத்தாள். "ஆன்ட்டி, இது ஃபேர் இல்ல. நாங்கதான் பாதியில திரும்பிட்டோம். அந்தச் சங்கிலி போட்ட இடத்துல அவருக்குத் தலை சுத்திருச்சு, உக்காந்துட்டாரு. வேர்த்து ஊத்திருச்சு. வந்த வழியிலயே கூட்டிட்டு வந்தேன். வந்து பாத்தா நீங்க இல்ல" என்றாள். இதை நான் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க ஆன்ட்டி. நான் அவர்கிட்ட ரெண்டு தடவ சொல்லிப் பாத்துட்டேன்" என்றாள். அவளைக் கோபிக்காதே. உனக்கு வாய்த்திருக்கிறவள் உண்மை சொல்லுகிறவள், அவளை நல்லாக வைத்திரு.

உயரம் என்றால் உனக்குப் பயம் என்பது எனக்குப் புதினம் இல்லை. நீச்சல் பழகின காலத்தில் பதக்கம் எடுப்பதற்கு உயரப் பலகையிலிருந்து குதிக்க வேண்டியிருந்தது. நீ ஏறினாய். உன் வகுப்பு முழுவதும் கீழே நின்று கைதட்டியது. நுனி வரைக்கும் போய், திரும்பி, ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாய். நான் துவாயோடு ஓடிவந்து, உனக்குக் காதுக்குள்ளே குத்துகிறது, நான்தான் குதிக்க வேண்டாம் என்று சொன்னேன் என்று உன் வாத்தியாருக்குச் சொன்னேன். அப்பாவுக்கும் அதையேதான் சொன்னேன். அவர் கடைசிவரைக்கும் அதை நம்பிக்கொண்டு செத்தார். இந்த உலகத்தில் ஒருவருக்கும் நான் அதைச் சொன்னதில்லை, உனக்குக்கூட ஞாபகப்படுத்தியதில்லை. இன்றைக்கு ஊருக்கெல்லாம் எழுதுகிறேன், எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். பயம் ஒரு குற்றமே இல்லை, தம்பி. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்ததற்காக உன்னை நான் ஒரு குறை சொல்லமாட்டேன், அந்த நேரம் நான் பக்கத்தில் இருந்திருந்தால் உன் தலையைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருப்பேன். உன் பயத்தை மறைக்க என் புத்தியைப் பழுதாக்கினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

தொலைவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கிழக்கு பெர்லினில், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாள் உண்மையாகவே தொலைந்தேன். என்னைக் கூட்டிவந்தவன், சிவப்புச் சால்வை போட்ட ஆளுக்குப் பின்னால் போங்கோ, அவர் மேற்குப் பக்கத்துக்குக் கூட்டிப் போவார் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போய்விட்டான். நான் சிவப்புச் சால்வை போட்ட ஒருவருக்குப் பின்னால் போனேன். ரயிலேறி, இறங்கி, தெருவில் நடந்து, கடைசியில் பார்த்தால் அவர் ஒரு பாண் கடைக்குள் போய் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அந்த ஆள் வேறு, இந்த ஆள் வேறு. கையில் பையோடு, ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாமல், வந்த தெரு எது, போகிற தெரு எது என்று தெரியாமல் நின்றேன். அந்தக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று வாய்விட்டு அழுதேன். அவர்தான் பிறகு மாவுக் கையோடு வந்து என்னை ஸ்டேசனுக்குத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். தொலைந்தால் நான் சொல்லுவேன், தம்பி. வெட்கப்படாமல், அழுது, யாரையாவது பிடித்துக் கேட்பேன். என்னை இந்த நாட்டில் இவ்வளவு காலம் காப்பாற்றியது அதுதான்.

நீ கலியாணம் செய்யப் போகிறாய். அம்மா என்ற முறையில் புத்திமதி சொல்ல வேண்டும், சொல்லுகிறேன், கோபத்தோடுதான் சொல்லுகிறேன். உன்னோடு இருக்கிற மனுசிக்கு என்ன ஏலும், என்ன ஏலாது என்று அவளைப் பார்த்து நீ தீர்மானிக்காதே. அவளிடம் கேள். அவள் களைத்துப்போய் இருந்தாலும் கேள், அவளுக்கு முழங்கால் நொந்தாலும் கேள், உனக்கு மறுமொழி முன்னமே தெரியும் என்று தோன்றுகிற நேரத்தில் கட்டாயம் கேள். அவளை ஒரு வாங்கில் இருத்திவிட்டு, அவளுக்கும் சேர்த்து நீயே நடந்துவிட்டு வரலாம் என்று நினைக்காதே. உனக்கு ஒன்று ஏலாமல் போனால் ஏலாது என்று சொல்லு. அவள் அதைப் பார்த்திருக்கிறாள், பார்த்தபிறகும் உன்னைத்தான் கட்டுகிறாள். உன் அப்பா வேலை போனபோது எனக்கு மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டுப் போய்ப் பார்க்கில் குந்தியிருந்தவர். தெரிய வந்தபோது, அவருக்கு வேலை போன கவலையைவிட, நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் தனியாக இருந்து சாப்பிட்டாரே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கு அவருடைய மூக்கு வந்தது போதும்.

அந்த டெர்மினை நான் நேற்றுப் போன் எடுத்து நிறுத்திவிட்டேன். எனக்கு வயது போகிறது, மறதி வரலாம், வரக்கூடாது என்று சட்டமில்லை. இல்லத்தில் அதைக் கண்டவள் நான், உன்னைவிட எனக்குத்தான் அதன் அறிகுறி நல்லாகத் தெரியும். அப்படி ஒன்று எனக்குத் தட்டுப்பட்டால் முதலில் உனக்குத்தான் சொல்லுவேன், அன்றைக்கு நீயே கூட்டிக்கொண்டு போ, மறுக்கமாட்டேன். வீட்டை விடமாட்டேன். காரை விற்கமாட்டேன், உன் கலியாணத்துக்கு அதில்தான் வருவேன், நானே ஓட்டிக்கொண்டு வருவேன். நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ என்னைப் பற்றி எழுதிய அதே இடத்தில், இதற்குக் கீழே, நடந்ததை நடந்தபடி எழுது. பெரியம்மா வாசிக்கட்டும். வல்லாரைச் சம்பலை அவவே சாப்பிடட்டும்.

எழுதி முடித்ததும் எனக்கு ஒரு போன் எடு. அன்றைக்கிலிருந்து இந்த நேரம் வரைக்கும் எத்தனையோ பேர் என்னோடு கதைத்துவிட்டார்கள். ஏன் எழும்பினாய், ஏன் போனை விட்டாய், ஏன் அந்தப் பக்கத்தால் போனாய் என்று எல்லாம் கேட்டார்கள். மலை எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. நீ திரும்பிப் போன இடத்துக்கு மற்றப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அங்கே முகில் காலுக்குக் கீழே இருந்தது, தம்பி. முகிலுக்குக் கீழே கடல். பச்சை என்று சொல்ல முடியாத ஒரு பச்சை. நான் உன்னைத் தேடிப் பதறிக்கொண்டு போனவள், அதற்குள்ளும் ஒரு கணம் நின்று பார்த்தேன். பார்த்து, இதை நிரோவுக்குச் சொல்ல வேணும் என்று நினைத்துக்கொண்டுதான் மிச்சத் தூரம் நடந்தேன்.

மிச்சத்தை இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்,
அம்மா.